பாகு கலந்த வைக்கோல்

ஏப்ரல் 4

மாப்பிள்ளை அவர்களுக்கு,

நான் நலம். நீங்களும் நலமாக இருக்க வேண்டும் என்று எழுதுவது முறை. ஆனால் என் பெண் கோபித்துக்கொண்டு வந்து இங்கே உட்கார்ந்திருக்கும்போது நீங்கள் அங்கே நலமாக இருந்தால் எனக்கு எரிச்சல்தான் வரும். ஆகவே அந்த வரியை விட்டுவிடுகிறேன்.

இது முழுக்க முழுக்க மாடுகள் விஷயமான கடிதம். வேறெதுவும் இதில் கிடையாது. இந்த வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. பச்சை என்று கண்ணில் காட்ட ஒரு புல் இல்லை. களத்தில் வைக்கோல் மட்டும் மலை மாதிரி கிடக்கிறது. மாடுகள் அதை மென்றுகொண்டே இருக்கின்றன, மென்றுகொண்டே இளைக்கின்றன. புண்ணாக்கு யானை விலை. செவலை மாட்டின் விலா எலும்பை எண்ணிவிடலாம். இப்படியே போனால் பாதி மாடுகளை விற்றுத்தான் மீதியைக் காப்பாற்ற வேண்டும்.

நீங்கள் தீவன ஆராய்ச்சிக்காரர். உங்கள் கல்யாணத்தன்றுகூட என் சொந்தக்காரர்களைப் பிடித்து உட்காரவைத்து, வெறும் வைக்கோலைச் சத்தாக்கும் வித்தையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தீர்கள். அன்று நான் காது கொடுக்கவில்லை. இப்போது கொடுக்கிறேன். விவரமாக எழுதுங்கள்.

போன் வேண்டாம். பால் சங்கத்தில்தான் போன் இருக்கிறது. அங்கே கிளார்க் காதில் விழுந்தால் தெருவுக்கே விழுந்த மாதிரி. பதிலையும் வீட்டுக்குப் போடாமல் சங்கத்து முகவரிக்குப் போடுங்கள். நான் உங்களுக்கு எழுதுவது பாப்பாவுக்குத் தெரியாது.

நீங்கள் கேட்கவில்லை, நானே சொல்கிறேன். அவள் நன்றாக இருக்கிறாள். நன்றாக என்றால், ஓர் இடத்தில் உட்காருவதில்லை. காலையில் துடைத்த அலமாரியை மாலையில் மறுபடி துடைக்கிறாள்.

இப்படிக்கு
மாமனார்

*

ஏப்ரல் 9

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். தங்கள் கடிதம் கிடைத்தது. வைக்கோலில் சத்து இல்லாமல் இல்லை. மாட்டின் வயிற்றுக்கு எட்டாதபடி அது இறுகிப்போயிருக்கிறது. அந்த இறுக்கத்தைத் தளர்த்துவதுதான் வேலை.

நூறு கிலோ வைக்கோலுக்கு நான்கு கிலோ யூரியா போதும். அதை ஐம்பது லிட்டர் நல்ல தண்ணீரில் முழுசாகக் கரைத்து, வைக்கோலை அடுக்கடுக்காகப் பரப்பி, ஒவ்வோர் அடுக்கிலும் பூவாளியால் தெளித்து, நன்றாக மிதித்து, மேலே பிளாஸ்டிக் தாள் போட்டு, காற்றுப் போகாமல் ஓரமெல்லாம் மண் வைத்து மூடுங்கள். மூன்று வாரம் தொடக் கூடாது. உள்ளே யூரியா அம்மோனியா ஆவியாக மாறி வைக்கோலை மெத்தென்று ஆக்கும், புரதமும் ஏறும். திறந்த பிறகு காற்றாட விட்டுத்தான் போட வேண்டும். கரைத்த தண்ணீரை மாடு குடித்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், உயிருக்கே ஆபத்து. சின்னக் கன்றுகளுக்கு இந்த வைக்கோலே வேண்டாம்.

இங்கே எனக்குக் கொடுத்த வீட்டில் இரண்டு அறை. ஒன்றைத் திறக்கவே இல்லை.

அவள்

மன்னிக்கவும், மேலே ஒரு வரி எழுத ஆரம்பித்தேன். அதை விட்டுவிடுங்கள். யூரியா அளவு மட்டும் கூடிவிடக் கூடாது.

தங்கள்
மருமகன்

*

ஏப்ரல் 15

மாப்பிள்ளை அவர்களுக்கு,

யூரியா வாங்கிவிட்டேன். பிளாஸ்டிக் தாள் கறுப்பில்தான் கிடைத்தது. தகரக் கொட்டகையைக் காலி செய்து வைக்கோலை உள்ளே கொண்டுவந்துவிட்டேன். நல்ல சத்தாகவே இருக்கட்டும் என்று போன வருஷம் பச்சையாக அறுத்துக் காயவைத்த புல் கட்டுகளையும் அதோடு சேர்த்துவிட்டேன். ஒரு சந்தேகம். அம்மோனியா வாடை மூக்கைப் பிடுங்கும் என்கிறார்கள். மாடு வாய் வைக்குமா? எங்கள் செவலை, தண்ணீர்த் தொட்டியில் ஓர் இலை விழுந்தாலே முகத்தைத் திருப்பிக்கொள்ளும் ராணி.

அடுத்தது, உங்கள் "அவள்". ஒரு வார்த்தையில் நின்றுவிட்டீர்களே, அதைப் படித்துவிட்டு நான் பால் கேனோடு சங்கத்து வாசலிலேயே நின்றேன். நேற்றுத் தோசைக்கல்லைத் தேய்த்துக்கொண்டிருந்தவளிடம் மெதுவாகக் கேட்டேன், என்னதான் நடந்தது என்று. அவள் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"மாத்தல் வர்றது தப்பில்லப்பா. போறதும் தப்பில்ல. அவர் சரின்னு கையெழுத்துப் போட்டுட்டு வந்து என்கூட உட்கார்ந்து சாப்பிட்டிருக்கார். உப்பு கம்மின்னு சொல்லத் தெரிஞ்சுது. இதைச் சொல்லத் தெரியல. மறுநாள் அவங்க ஆபீஸ் பியூன் வந்து, எப்பம்மா வீடு காலி பண்றீங்கன்னு கேக்கறான். நான் வாசல்ல பேந்தப் பேந்த முழிச்சிட்டு நிக்கறேன். என் வாழ்க்கைல என்ன நடக்குதுன்னு பியூன் வாயால தெரிஞ்சுக்கணுமா?"

எனக்கு உங்கள் மேல் வருத்தம்தான். இருந்தாலும் எழுதுகிறேன், ஏனென்றால் மாடுகள் பட்டினி.

மாமனார்

*

ஏப்ரல் 20

அன்புள்ள மாமாவுக்கு,

மாடு முதலில் கொஞ்சம் முகம் சுளிக்கும். கரும்பாலையில் கிடைக்கும் கழிவுப்பாகு கொஞ்சம் சேர்த்தால் விரும்பித் தின்னும். பழகிவிட்டால் பாகும் வேண்டியதில்லை.

பியூன் விஷயம் உண்மை. நான் அவளிடம் சொல்லாததற்குக் காரணம் ஒன்றும் பெரிதாக இல்லை. சொன்னால் வருத்தப்படுவாள், நாளைக்குச் சொல்லலாம் என்று நினைத்தேன். மறுநாள் காலையிலும் அதையே நினைத்தேன். இந்த இடம் அவளுக்குப் பிடிக்காது என்று எனக்குத் தெரியும். ஆனால் பத்து மைல் சுற்றளவில் வைக்கோலும் சோளத்தட்டையும் வயலிலேயே எரிந்துகொண்டே இருக்கிற ஊர் இது. பக்கத்திலேயே மாடுகள் எலும்பும் தோலுமாக நிற்கின்றன. இங்கே வராவிட்டால் நான் படித்ததற்கு அர்த்தமே இல்லை என்று தோன்றியது. இதை அவளிடம் சொல்லியிருந்தால் ஒருவேளை அவளே பெட்டி கட்டியிருப்பாள். இப்போது உங்களிடம் சொல்லி என்ன பயன்?

மே மாதம் முழுக்க ஊர் ஊராகச் சுற்ற வேண்டியிருக்கிறது. கடிதம் தாமதமானால் கோபிக்க வேண்டாம். அறையில் இருந்தால் நடந்துகொண்டே இருக்கிறேன். சுற்றினால் தேவலை.

மருமகன்

*

ஏப்ரல் 28

மாப்பிள்ளை அவர்களுக்கு,

வைக்கோல்போர் போட்டு மூடியாகிவிட்டது. மிதிமிதி என்று மிதித்து முழங்கால் இரண்டும் என்னுடையதாகவே இல்லை. பாப்பா சமையல்கட்டு ஜன்னலிலிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள். "யார் சொல்லிக் குடுத்த வேலை இது?" என்றாள். ரேடியோவில் கேட்டேன் என்றேன். "ரேடியோ ரிப்பேராகி எவ்ளோ நாளாச்சு" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். அவ்வளவு புத்திசாலிப் பெண்ணை நான் பெற்றிருக்க வேண்டாம்.

இந்த வைக்கோல் நன்றாக வந்தாக வேண்டும் மாப்பிள்ளை. வெளிப்படையாகச் சொல்கிறேன். மாடு தேறி, பால் கூடி, அவள் கண்ணெதிரே கொட்டகை நிறைந்தால், இது உன் வீட்டுக்காரர் சொல்லித் தந்தது என்று ஒரு வார்த்தை போடலாம் என்றிருக்கிறேன். அதனால் நீங்கள் சொன்னதற்கு ஒரு படி மேலேயே செய்திருக்கிறேன். என்ன செய்தேன் என்று இப்போது சொல்ல மாட்டேன். திறக்கும்போது தெரியும்.

வெயில் மண்டையைப் பிளக்கிறது. தகரக் கூரைச் சூட்டில் கறுப்புத் தாளில் கை வைத்தால் சுட்டுவிடுகிறது. உள்ளே என்ன ஆகிறதோ என்று அடிக்கடி போய்ப் பார்க்கிறேன். தொடவில்லை, பார்க்கிறேன் அவ்வளவுதான்.

மாமனார்

*

மே 23

மாப்பிள்ளை அவர்களுக்கு,

ஜெயித்துவிட்டோம்!

போரைத் திறந்து காற்றாடவிட்டுப் போட ஆரம்பித்து நாலைந்து நாளாகிறது. என்ன நிறம் என்கிறீர்கள்! அப்படியே கரும்பழுப்பு. அம்மோனியா வாடைக்கு மேலே மிட்டாய்க் கடை வாசனை. நம் ராணி தொட்டியை நக்கித் துடைத்து வைத்துவிட்டு என்னை முறைக்கிறாள், இவ்வளவுதானா என்று. பால் உண்மையாகவே கூடியிருக்கிறது. கிளார்க் இரண்டு தடவை அளந்து பார்த்தான்.

இப்போது ரகசியத்தைச் சொல்கிறேன். நீங்கள் பாகு சேர்த்தால் விரும்பித் தின்னும் என்று எழுதினீர்கள் அல்லவா? மேலாகத் தெளித்தால் மேலே மட்டும்தானே இனிக்கும்? ஆலையிலிருந்து ஒரு பீப்பாய் வாங்கி, யூரியாத் தண்ணீரோடேயே கலந்து, அடுக்குக்கு அடுக்கு ஊற்றி மூடிவிட்டேன். மூன்று வாரம் ஊறட்டும் என்று. எப்படி என் யோசனை?

கன்றுகளுக்குக்கூட உற்சாகம் தாங்கவில்லை. அவற்றுக்கு வைக்கோல் காட்டவில்லை, தாய்ப்பால் மட்டும்தான். காதை விடைத்துக்கொண்டு நிற்கின்றன, திடீரென்று கொட்டகையைச் சுற்றிச் சுற்றி ஒரே ஓட்டம். கறுப்புக் கன்று என்னைக்கூட முட்டித் தள்ளப் பார்த்தது. நல்ல பால் உள்ளே போனால் துள்ளல் வராமல் இருக்குமா?

பாப்பாவுக்கும் வேளைக்கு ஒரு டம்ளர் காய்ச்சிக் கொடுக்கிறேன். இந்தச் சமயத்தில் அவளுக்குப் பால் ரொம்ப அவசியம். அதாவது, இளைத்திருக்கிறாள், அதனால் சொன்னேன்.

மாமனார்

*

மே 29

மாமாவுக்கு,

சங்கத்துப் போனில் நான் கத்தியதற்கு மன்னியுங்கள். சுற்றுப்பயணம் முடிந்து வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் உங்கள் கடிதத்தைப் பிரித்தேன். பீப்பாய் என்ற வார்த்தை வந்ததும் தபாலாபீஸுக்கு ஓடினேன். லைன் கிடைத்து, உங்களைச் சங்கத்துக்கு அழைத்துவருவதற்குள் உயிர் போய்விட்டது.

போனில் புரியும்படி சொன்னேனா என்று தெரியவில்லை. சர்க்கரையும் அம்மோனியாவும் அதிகச் சூட்டில் ஒன்றாகக் கிடந்தால் ஒரு நஞ்சு உண்டாகலாம். பாகு மட்டுமல்ல, பச்சையாகக் காய்ந்த புல்லிலும் சர்க்கரை இருக்கிறது. அந்த நஞ்சு தாய்மாட்டிடம் அவ்வளவாக வெளியே தெரியாது. பாலில் இறங்கிக் கன்றின் மூளையைக் கலக்கிவிடும். அது துள்ளல் இல்லை மாமா, வெறி. கொஞ்ச நேரம் அடங்கும், மறுபடி வரும். அந்த வைக்கோலை ஒரு பிடிகூட மிச்சம் வைக்காமல் அப்புறப்படுத்துங்கள். கன்றுகளுக்கு வேறு மாட்டின் பால் கொடுங்கள். இருட்டாக, சத்தமில்லாமல், சுவரில் மோதினாலும் அடிபடாதபடி கட்டி வையுங்கள். மாட்டு டாக்டரிடம் இந்தக் கடிதத்தைக் காட்டுங்கள்.

பாகு போடும்போது மேலே தெளிக்க வேண்டும், மூடும்போது கலக்கக் கூடாது. இந்த ஒரு வரியை நான் எழுதவில்லை. எனக்குத் தெரிந்தது எல்லோருக்கும் தெரிந்திருக்கும் என்று விட்டுவிட்டேன். புல் சேர்த்ததை நீங்கள் முன்பே எழுதியும் நான் கவனிக்கவில்லை. சொல்ல வேண்டியதை விட்டுவிடுவது என் பழக்கம் என்று உங்கள் மகள் சொல்வாள்.

பாலை யாரும் குடிக்காதீர்கள் என்று நான் சொன்னதும் நீங்கள் போனில் அலறினீர்களே, "ஐயோ, அவ மாசமா இருக்காளே மாப்பிள்ளை" என்று. அதற்கப்புறம் நீங்கள் பேசிய எதுவும் எனக்குக் கேட்கவில்லை. தபாலாபீஸ்காரர் ரிசீவரை என் கையிலிருந்து வாங்கி வைத்தார்.

எத்தனை டம்ளர் குடித்தாள்? தலை சுற்றுகிறதா? கை நடுங்குகிறதா? தூக்கம் வருகிறதா? மனிதர்களுக்கு என்ன ஆகும் என்று எங்கள் புத்தகம் எதிலும் தெளிவாக இல்லை, அலமாரி முழுக்கப் புரட்டிவிட்டேன். எந்த வேலையும் ஓடவில்லை. உடனே அவளை டாக்டரிடம் அழைத்துப் போங்கள். நான் புறப்பட்டு வரலாமா என்று அவளிடம் கேட்டு எழுதுங்கள். கேட்காமல் வர மாட்டேன்.

*

ஜூன் 4

மாப்பிள்ளை,

முதலில் முக்கியமானது. அவள் ஒரு சொட்டுக்கூடக் குடிக்கவில்லை.

போனை வைத்துவிட்டு ஓடினேன். இந்த வயதில் நான் அப்படி ஓடினது கிடையாது. அவள் முற்றத்தில் துணி பிழிந்துகொண்டிருந்தாள். மூச்சு வாங்க நின்று, "பாலு, பாலு" என்றேன். "என்னப்பா?" என்றாள். விஷயத்தைச் சொன்னதும் அப்படியே வாளி மேல் உட்கார்ந்துவிட்டாள். "எனக்குப் பால் வாடைன்னாலே குமட்டுதுப்பா. நீங்க சங்கடப்படுவீங்கன்னுதான் வாங்கி வாங்கி சாக்கடைல ஊத்தினேன்" என்றாள். என்னிடம் சொல்லாமல் ஊற்றியதற்காக அவளைத் திட்டுவதா, கும்பிடுவதா? அழுதேன், வேறென்ன செய்ய. லேடி டாக்டரிடமும் காட்டியாகிவிட்டது. குழந்தை நன்றாக இருக்கிறது.

கறுப்புக் கன்று போய்விட்டது. நீங்கள் போன் செய்த அன்று சாயங்காலமே கல்தூணில் மோதி விழுந்தது, எழவில்லை. இன்னொன்று இப்போது அடங்கியிருக்கிறது. வைக்கோலை அள்ளிக் குழி தோண்டிப் புதைத்தேன். சங்கத்துக்குப் போய், என் பாலை எடுக்காதீர்கள், இன்று எடுத்ததையும் வெளியே அனுப்பாதீர்கள் என்று நானே சொன்னேன். முந்தைய நாட்களின் பால் எல்லாம் ஏற்கெனவே போய்விட்டிருந்தது. எங்கெல்லாம் போனதோ அங்கெல்லாம் ஆள் விட்டுச் சொல்லச் சொன்னேன். இதுவரை யாரும் உடம்பு சரியில்லை என்று வரவில்லை. ஆனாலும் வாசலில் நிழலாடினால் எழுந்து ஓடிப் பார்க்கிறேன்.

உங்கள் மேலும் தப்பு என்று எழுதியிருக்கிறீர்கள். தாராளமாக எடுத்துக்கொள்ளுங்கள், எனக்குப் பாதி குறையட்டும். மாப்பிள்ளைக்கு நல்ல பெயர் வாங்கித் தருகிறேன் என்று கிளம்பினவன் நான்.

மாசமாக இருப்பதை மறைக்கச் சொன்னவள் அவள்தான். "அவருக்கும் யாராவது சொல்லித் தெரியட்டும், அப்பத்தான் எப்படி இருக்கும்னு புரியும்" என்றாள். அதன்படியே நடந்துவிட்டது, கிளார்க் முதற்கொண்டு எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி. அவளுக்கு அதில் சந்தோஷம் இருப்பதாகத் தெரியவில்லை. உங்கள் குரல் எப்படி இருந்தது என்று மட்டும் கேட்டாள். நடுங்கியது என்றேன். எழுந்து போய்விட்டாள்.

நீங்கள் வரலாமா என்று கேட்டேன். "இப்ப மட்டும் கேக்கத் தெரியுதா?" என்றாள். வாசல் வரை போய்த் திரும்பி வந்து, "இப்ப வேணாம்னு எழுதுங்க" என்றாள்.

ஆனால் இதைக் கேளுங்கள். நேற்று அவளே உங்கள் பழைய கடிதத்தை என் சட்டைப்பையிலிருந்து எடுத்துக்கொண்டாள். வெறும் வைக்கோலை மட்டும் எடுத்து, யூரியாவைத் தானே நிறுத்து, என்னை மிதிக்கவிட்டு, வெளிர் நிறத் தாளாகப் பார்த்து வாங்கிவரச் சொல்லி, வேப்பமர நிழலில் சின்னதாக ஒரு போர் போட்டு மூடியிருக்கிறாள். பாகுப் பீப்பாய் இருந்த திசைக்கே என்னை விடவில்லை. "மாடு என்னப்பா பாவம் பண்ணிச்சு" என்கிறாள்.

மாமனார்

*

ஜூன் 12

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தின் முதல் வரியைப் படித்துவிட்டு வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். மீதியை அடுத்த நாள்தான் படிக்க முடிந்தது. கறுப்புக் கன்றை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

அவள் நினைத்தபடியே எனக்குப் புரிந்துவிட்டது. என் குழந்தையைப் பற்றி ஊருக்கே தெரிந்து எனக்குக் கடைசியாகத் தெரிந்தால் எப்படி இருக்கும் என்று. வலிக்கிறது. அவளுக்கும் இப்படித்தான் வலித்திருக்கும்.

இடமாற்றத்தை ரத்து செய்யச் சொல்லி மேலதிகாரிக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். இங்கே ஆரம்பித்த வேலை பாதியில் நிற்கும், நிற்கட்டும். ஆனால் அதைத் தபாலில் போடப் போனவன் பெட்டியருகே நின்றுவிட்டுத் திரும்பி வந்துவிட்டேன். அவளைக் கேட்காமல் வந்ததும் நான். அவளைக் கேட்காமல் திரும்பினால், அதுவும் அதே தப்புத்தானே? மனு மேசையில் கிடக்கிறது. அனுப்பவா, கிழிக்கவா என்று அவள்தான் சொல்ல வேண்டும். அவளுக்கே எழுதலாம் என்று பலமுறை உட்கார்ந்தேன். விவசாயிகளுக்குப் பக்கம் பக்கமாக எழுதுகிறவனுக்கு அவள் பெயருக்குக் கீழே ஒரு வரி வரவில்லை. இந்தக் கடிதத்தை அவளிடம் கொடுத்துவிடுங்கள். ஒளிக்க வேண்டாம்.

மருமகன்

*

ஜூன் 30

மாப்பிள்ளை,

கொடுத்துவிட்டேன். தொட்டியருகே நின்றபடியே படித்தாள். "அனுப்பலயாமே" என்றாள். திருப்பி முதலிலிருந்து படித்தாள். பிறகு பல நாள் அவள் நடக்க, நான் அவள் பின்னாலேயே நடக்க, வீடு சந்தைக்கடை மாதிரி ஆகிவிட்டது.

அவள் போட்ட போரை முந்தாநாள் திறந்தோம். தங்கநிறமாக, மெத்தென்று இருக்கிறது. செவலை முதல் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டது, இன்று தின்கிறது. பாலை இன்னும் சங்கத்துக்கு ஊற்றவில்லை, மாட்டு டாக்டர் பார்த்துச் சொன்னபிறகுதான்.

நேற்றுச் சாப்பிடும்போது அவள் என்னிடம் ஒரு முடிவு சொன்னாள். உங்களோடு வந்து இருப்பதா, மனுவை அனுப்பச் சொல்வதா, இரண்டும் இல்லாமல் மூன்றாவதாக ஒன்றா, எல்லாம் யோசித்து ஒரு முடிவு. கேட்டதும் எச்சில் கையோடு எழுந்து பேனாவைத் தேடினேன். "அப்பா, கீழ வைங்க அதை. இதுவும் அவருக்கு உங்க வாயாலதான் தெரியணுமா?" என்றாள். வைத்துவிட்டேன். அந்த முடிவு எனக்குப் பிடித்திருக்கிறதா என்று எனக்கே இன்னும் தெரியவில்லை. விடிந்ததிலிருந்து வாசலுக்கும் கொட்டகைக்கும் நடந்துகொண்டிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை பகல் பஸ்ஸில் அங்கே வருகிறாள். இவ்வளவுதான் சொல்ல எனக்கு உத்தரவு. சுற்றுப்பயணம் அது இது என்று எங்கும் கிளம்பிவிடாதீர்கள். பஸ் வருவதற்கு முன்பே போய் நில்லுங்கள். அவள் இறங்கினதும் முந்திக்கொண்டு எதையும் பேசாதீர்கள். அவள் சொல்லி முடிக்கட்டும்.

மாமனார்